மார்கழியில் அப்பாவுடன் ஒரு வாரம் சென்னை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேலூர் நண்பர்களே, வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். பேச்சு குழறுகிறது, ஆனால் பாட ஆரம்பித்தால் வார்த்தைகள் தெளிவாக வருகின்றன! அதனால்தான் மார்கழியில் ஒரு வாரம் சென்னையில் தங்கிக் கச்சேரி கேட்க வைக்க ஆசை.

காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான், அது சரி. பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது, அதுவும் தெரியும். சக்கர நாற்காலி போகச் சாய்தளம் உள்ள சபாக்கள் எவை? விடியற்காலை மயிலாப்பூர் மாட வீதி பஜனையில் அவரும் சேர்ந்து பாடலாமா? கூட்டம் நெருக்குமா?

அப்புறம் மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022இல் அமைத்த மரப்பாதை இப்போது நல்ல நிலையில் இருக்கிறதா? அவர் அலையைப் பக்கத்தில் பார்த்துப் பல வருடமாகிறது.

மயிலாப்பூரில் தரைத்தள அறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.