செயல்திட்டத்துக்கு மதிப்பெண் பிரித்து இடுவது எப்படி?

வினா (நடுநிலைப்பள்ளி ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்):
எட்டாம் வகுப்புக்கு ‘எங்கள் ஊர்ப் பாசனம்’ என்ற செயல்திட்டத்தை ஐவர் குழுக்களாகக் கொடுத்திருந்தேன். வந்தவற்றில் பாதி, கணினி மையத்தில் அச்செடுத்து ஒட்டிய கல்லணைப் படங்கள். ஒரு தெர்மாகோல் மேட்டூர் அணையை மாணவியின் தந்தையே செய்து கொடுத்தார் என்பது ஊரறிந்த செய்தி. வளரறி மதிப்பீட்டின் (பருவத்தேர்வுக்கு முன் வகுப்பிலேயே செய்யும் மதிப்பீடு) 40 மதிப்பெண்களில் செயல்பாடுகளுக்கென்றே 20 இருக்க, உழைத்த பிள்ளைக்கும் பெயரை மட்டும் எழுதிய பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் இட மனம் ஒப்பவில்லை. நீங்கள் எப்படி இடுகிறீர்கள்?

மறுமொழி (ஆசிரியர், மன்னார்குடி வட்டம்):
கோளாறு தலைப்பிலேயே இருக்கிறது, டீச்சர். ‘பாசனம்’ என்று கேட்டால் படம்தான் வரும். கல்லணையில் திறந்த நீர் நம் வாய்க்காலுக்கு எத்தனை நாளில் வந்தது, வந்தபின் நாள்தோறும் எவ்வளவு ஏறி இறங்கியது என்று கேட்டேன். இதற்கான விடை எந்தக் கணினி மையத்திலும் கிடைக்காது. மூங்கில் கழியில் பெயின்டால் கோடு போட்டு, மதகுக் கட்டையின் மேலிருந்தே (வாய்க்காலில் இறங்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு) அளந்து குறிப்பேட்டில் எழுதினார்கள். ஒரு மாணவன் ஒன்பதாம் நாளில் முந்தைய நாளின் அளவையே எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, ‘பார்க்காமல் எழுதியது’ என்று பக்கத்தில் குறித்திருந்தான். வண்ண அட்டை வைத்த குழுவைவிட அவனுக்கே கூடுதலாக இட்டேன்.

மறுமொழி (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்):
2012-13இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். நாற்பது குறிப்பேடுகளை நாள்தோறும் திருத்தச் சொன்னால் பதிவேடு நிரம்பும், பாடம் நிற்கும். ஆகவே வாரத்துக்கு இரு குழுக்களை மட்டும் அழைத்து, ஒவ்வொருவரிடமும் ‘இந்த அளவை எப்படி எடுத்தாய்?’ என்று இரண்டு நிமிடம் கேளுங்கள். பத்தில் ஆறு தனியாளுக்கு, நான்கு குழுவுக்கு என்று வைத்தால் வீண்பேச்சுக்கு இடமிராது. குறுவை நடவுக்காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிவிடும் பிள்ளைகளுக்கு மாற்று நாள் கொடுங்கள். வராத நாளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

வினவிய ஆசிரியை:
நன்றி ஐயா. ஆனால் எங்கள் ஊர் கடைமடை, நீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. முறை வைத்து நீர் விடும் நாட்களில் வாய்க்கால் வறண்டே கிடக்குமே?

மறுமொழி (ஆசிரியர், மன்னார்குடி வட்டம்):
அன்றைக்குச் சுழியம் என்றே எழுதட்டும், டீச்சர். நீர் ஏன் வரவில்லை என்பதை மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கரிடம் கேட்டு அதன் கீழேயே ஒரு வரி சேர்க்கட்டும். மூன்று மதிப்பெண்ணை அந்த வரிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.