ஊசிவால் உள்ளானா, விசிறிவால் உள்ளானா?

கோவை சிங்காநல்லூர் குளம், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, காலை ஏழரை மணி. கோரை ஓரச் சேற்றில் உட்கார்ந்திருந்த ஓர் உள்ளானை (நீண்ட அலகுள்ள சேற்றுப் பறவை) ஊசிவாலா விசிறிவாலா என்று இன்னும் இனம் பிரிக்க முடியவில்லை. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் இப்போதைக்கு இரண்டு பெயரும் சேர்ந்த பதிவாகத்தான் போட்டிருக்கிறேன்.

கேமரா நிகான் பி900. உட்கார்ந்த படம் தெளிவு: அலகு தொடங்கும் இடத்தில் வெளிர் புருவம் கண்கோட்டைவிட (கண் வழியாகப் போகும் கருங்கோடு) நன்றாகவே அகலம். அப்படியானால் ஊசிவால்தான். ஆனால் முகத்தில் நேராக வெயில், வெளிர் நிறம் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். பறந்தபோது எடுத்த படத்தில் இறக்கையின் பின்விளிம்பில் விசிறிவாலுக்குரிய வெள்ளைக் கோடு தெரியவில்லை. படமே ஆடியிருக்கிறது என்பதால் அதையும் நம்ப முடியவில்லை. கத்தவும் இல்லை, பாவி!

படம் பார்த்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியில் போட்டால் ஒரு படத்துக்கு ஒரு பெயர் சொல்கிறது. பலர் சேர்ந்து உயிரினங்களை இனம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் யாரும் உறுதி செய்யவில்லை. கையேட்டில் சொல்லும் வால் இறகு வித்தியாசம் பறவை வாலை விரித்தால்தான் தெரியும்; அப்புறம் எங்கே பார்ப்பது?

படங்கள் கீழே. புருவ அகலத்தை மட்டும் வைத்து இதை ஊசிவால் உள்ளான் என்று மாற்றலாமா?