நீண்டகாலம் உழைக்கும் சங்கிலி ரம்பத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி:
சாய்ந்த மரங்களை அறுக்கப் பெட்ரோலில் இயங்கும் சங்கிலி ரம்பம் வாங்க எண்ணியுள்ளேன். முன்பு வைத்திருந்த ரம்பம் இரண்டே ஆண்டுகளில் பிஸ்டன் உராய்ந்து நின்றுவிட்டதால், இம்முறை விலையைவிட உழைப்பையே முதன்மையாகக் கருதுகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
இத்தகைய ரம்பங்களில் உள்ள இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகு எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே உள்ளே செல்வதால், எண்ணெய் குறைந்தாலோ, காற்றுக் கசிவால் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தாலோ, எவ்வளவு உயர்ந்த ரம்பமானாலும் பிஸ்டன் உராய்ந்து போகும். இன்றைய ரம்பங்கள் பலவற்றுக்கு 50:1 விகிதம் (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய்) போதுமானது. ஆயினும் கையேடு கூறுவதே இறுதியானது. பழைய ரம்பம் பழுதானதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்பதால், புதியதை வாங்குமுன் அதைக் கண்டறியுங்கள்.

பதில் 2:
ஸ்டில், ஹஸ்க்வர்னா ஆகிய இரு நிறுவனங்களுமே வீட்டுப் பயன்பாட்டுக்கும் தொழில்முறைப் பயன்பாட்டுக்கும் தனித்தனி வரிசைகளை வைத்துள்ளன. ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல், தொழில்முறை ரம்பங்களில் உள்ளதுபோல் கிராங்க்கேஸ் (எஞ்சினின் சுழல்தண்டை மூடியிருக்கும் உறை) மக்னீசியத்தால் ஆனதா என்று கேளுங்கள். 50 சிசி எஞ்சினும் சங்கிலி சுற்றி ஓடும் 16 அங்குல உலோகப் பட்டையும் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். உதிரிபாகம் எளிதில் கிடைக்காத ரம்பத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 3:
சங்கிலி பிரேக் சரியாக இயங்குகிறதா என்பதையும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். பட்டையின் நுனி மரத்தில் பட்டு ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்போது உங்களைக் காப்பது அதுவே.