சைடு பை சைடு ஃபிரிட்ஜில் ஐஸ் மேக்கர் நின்றுவிட்டது, நானே மாற்றலாமா?

மன்னைக்காரன் (மன்னார்குடி)

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது பைப் இணைப்பு கொடுத்து ஐஸும் தண்ணீரும் கதவிலேயே வருகிற சைடு பை சைடு ஃபிரிட்ஜ். கஜா புயலில் பழையது போனபிறகு 2019-ல் வாங்கியது, வாரன்டியெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. சில வாரமாக ஐஸ் சின்னதாக, நுங்கு தோண்டின மாதிரி உள்ளே பள்ளமாக விழுந்துகொண்டிருந்தது, இப்போது சுத்தமாக நின்றுவிட்டது. கூலிங்கில் ஒரு குறையும் இல்லை, ஃபிரீசரில் மீன் கல்லாக இருக்கிறது, கதவில் குடிதண்ணீரும் வருகிறது. ராத்திரி சத்தமில்லாத நேரத்தில் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து மட்டும் டக் டக் என்று கேட்கிறது.

சர்வீஸ் ஆள் வந்தார். ஐஸ் பெட்டியை வெளியே எடுத்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், "யூனிட் போச்சு சார், முழுசா மாத்தணும்" என்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் சொன்னார். மீட்டர் வைத்து ஒன்றும் அளக்கவில்லை. அவர் கழற்றியதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன், இரண்டு ஸ்க்ரூ, ஒரு ஒயர் கனெக்டர், அவ்வளவுதான். போர் மோட்டார் ஸ்டார்ட்டர், மிக்சி, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறவன், இதில் மட்டும் கை வைக்கத் தயக்கமாக இருக்கிறது. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. அக்னி நட்சத்திரம் வேறு வரப்போகிறது, பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் நன்னாரி சர்பத்துக்கு ஐஸ் கேட்டுப் பிராணனை வாங்கிவிடுவார்கள். மாற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குடந்தை கூலிங்

சார், மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் எதை மாற்றவேண்டும் என்று தெரியாமல் யூனிட் வாங்காதீர்கள். நான் கும்பகோணத்தில் ஃபிரிட்ஜ் வேலைதான் பார்க்கிறேன். ஐஸ் வரவில்லை என்றதும் யூனிட் போச்சு என்று சொல்வது எங்கள் தொழிலில் சுலபமான வழி, மாற்றினால் எப்படியும் ஒரு ரவுண்டு ஓடும், அதற்குள் காசு வாங்கிவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். கதவில் தண்ணீர் வருகிறது என்பதை வைத்து ஐஸுக்கும் தண்ணீர் போகிறது என்று நினைக்காதீர்கள். பின்பக்கம் கீழே இருக்கிற இன்லெட் வால்வில் பெரும்பாலும் இரண்டு காயில் இருக்கும், ஒன்று கதவுத் தண்ணீருக்கு, இன்னொன்று ஐஸ் தட்டுக்கு. ஒன்று செத்தாலும் மற்றது ஓடும்.

உங்களுடையது அநேகமாக முறுக்குத் தட்டு வகை, அதாவது மோட்டார் பிளாஸ்டிக் தட்டைக் கவிழ்த்து முறுக்கி ஐஸைக் கொட்டும். மோட்டார் பெட்டியின் முன்பக்கமோ அடியிலோ டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். ஐஸ் பெட்டியை எடுத்துவிட்டு, தட்டுக்குக் கீழே ஒரு துணியை விரித்து, அந்தப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். தட்டு கவிழ்ந்து, முறுக்கி, திரும்ப மட்டத்துக்கு வந்து, அப்புறம் தண்ணீர் விழவேண்டும். மோட்டார் அசையவே இல்லை, அல்லது முக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் யூனிட்தான். தட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தும் தண்ணீர் விழவில்லை என்றால் வால்வு, பைப், ஃபில்டர், இந்த மூன்றில் ஒன்று. பட்டன் அழுத்தினால் எல்லாம் நடக்கிறது, தானாக மட்டும் நடக்கவில்லை என்றால் தட்டுக்கு அடியில் இருக்கிற தெர்மிஸ்டரை, அதாவது குளிரை அளக்கிற சென்சாரைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஃபிரீசர் குளிர் பத்தவில்லை. மைனஸ் 18 இருக்கவேண்டும், தட்டு போதுமான அளவு குளிர்ந்துவிட்டது என்று அந்த சென்சார் சொன்னால்தான் மோட்டார் சுற்றும்.

பட்டனை அடுத்தடுத்து அழுத்தாதீர்கள். ஏற்கெனவே தண்ணீர் நிற்கிற தட்டு கவிழ்ந்தால் அத்தனையும் கீழே ஊற்றி, ஐஸ் தள்ளுகிற ஸ்க்ரூவைச் சுற்றி உறைந்துகொள்ளும், அதைக் கரைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்புறம் பள்ளமான ஐஸ் என்று சொன்னீர்களே, அது தண்ணீர் குறைவாக விழுவதற்கான அடையாளம். யூனிட்டை மாற்றினாலும் அது போகாது.

உப்பளத்தான் (வேதாரண்யம்)

குடந்தைக்காரர் கடைசியில் சொன்னதை நான் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்து வீடுகளில் கோளாறே அங்கேதான். ஃபிரிட்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், தண்ணீர் அழுத்தம் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. வேண்டும் என்று போட்டிருப்பான். நம் வீடுகளில் மாடித் தொட்டியிலிருந்து சும்மா இறங்குகிற தண்ணீர். தொட்டியின் மட்டம் ஃபிரிட்ஜ் வால்வுக்கு மேலே 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 10 பி.எஸ்.ஐ.தான் கிடைக்கும். 20 வேண்டுமென்றால் தொட்டியை 14 மீட்டர் உயரத்தில் வைக்கவேண்டும், ராஜகோபாலசாமி கோயில் கோபுரத்தில்தான் கட்டவேண்டும். வால்வு திறப்பது சில நொடி மட்டுமே, அதற்குள் எவ்வளவு வந்ததோ அதுதான் ஐஸ். அதனால்தான் கதவில் தண்ணீர் மெதுவாகவாவது வரும், ஐஸ் மட்டும் பள்ளமாக இருக்கும்.

பின்பக்கத்துக் கால் இன்ச் வெள்ளைப் பைப்பைக் கழற்றி ஒரு சின்ன டம்ளரில் பிடித்துப் பாருங்கள். 170 மில்லி டம்ளர் பத்து நொடியில் நிறையவேண்டும்.

இன்னொன்று, போர் தண்ணீரா, கூட்டுக் குடிநீரா? கடலோரத்தில் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உங்கள் பக்கம் எப்படியோ. ஃபிரிட்ஜில் வருகிற ஃபில்டர் கார்பன் ஃபில்டர், குளோரின் வாடையை எடுக்கும், உப்பை எடுக்காது. வால்வின் வாயில் சின்ன வலை ஒன்று இருக்கும், அதில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் கரைந்துவிடும்.

தட்டே போதும்

எதற்கு இவ்வளவு பாடு? இரண்டு ஐஸ் தட்டு வாங்கி ஃபிரீசரில் வையுங்கள், முடிந்தது கதை. கரண்ட் போய் வருகிற ஊரில் கதவில் ஐஸ் கேட்டால் இப்படித்தான். கரண்ட் போனதும் பெட்டிக்குள் இருக்கிற ஐஸ் லேசாக உருகி, வந்ததும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், அதை ஸ்க்ரூ தள்ளமுடியாமல் முக்கும். எங்கள் வீட்டில் அதை ஆஃப் செய்து வைத்துவிட்டோம், அந்த இடத்தில் இட்லி மாவு இருக்கிறது.

மன்னைக்காரன்

தட்டே போதும் சாருக்கு: வீட்டு அம்மாவும் இதையேதான் சொன்னார்கள், காசு கொடுத்து வாங்கியதை அப்படியே விட எனக்குத்தான் மனசு வரவில்லை.

எல்லாம் பார்த்துவிட்டேன். டம்ளர் நிறைய அரை நிமிடம் ஆனது. நம்முடையது போர் தண்ணீர், மாடித் தொட்டி. வால்வு வலையில் சுண்ணாம்பு அப்பின மாதிரி இருந்தது, ஊறப்போட்டுக் கழுவிவிட்டேன், கொஞ்சம் தேவலை. ஆனால் பட்டனை அழுத்தினால் தட்டு ஒரு பக்கம் லேசாகத் துள்ளுகிறது, டக் டக் என்கிறது, பழையபடி வந்து நிற்கிறது, கவிழவே இல்லை. அப்படியென்றால் இரண்டுமா?

குடந்தை கூலிங்

இரண்டும்தான். டக் டக் என்பது மோட்டார் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து நழுவுகிற சத்தம், அதற்குத் தனியாகச் சக்கரம் கிடைக்காது, யூனிட்தான். சர்வீஸ் ஆள் சொன்னது பாதி சரி, அதை மட்டும் மாற்றியிருந்தால் ஐஸ் பள்ளமாகவே விழுந்திருக்கும், புது யூனிட்டும் சரியில்லை என்று நீங்கள் திட்டியிருப்பீர்கள்.

அழுத்தத்துக்கு, ப்ரெஷர் சுவிட்ச் வைத்த சின்ன பூஸ்டர் பம்ப் ஒன்றை அந்தக் கால் இன்ச் லைனில் போடுங்கள், ஆர்.ஓ. சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். சுவரில் மாட்டுகிற ஆர்.ஓ. மெஷினின் தொட்டியிலிருந்து நேராகப் பைப் இழுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தத் தொட்டியில் அழுத்தமே கிடையாது. ஆர்.ஓ. தண்ணீரைத்தான் கொடுக்கவேண்டும் என்றாலும் நடுவில் பம்ப் வேண்டும். உங்கள் வலையில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தால் அப்படிக் கொடுப்பதே நல்லது என்பேன்.

மாயவரத்துக்காரி

அண்ணே, நான் எங்கள் வீட்டில் மாற்றியிருக்கிறேன், ஆண்துணை இல்லாமல்தான். வாங்கும்போது கவனமாக இருங்கள். ஃபிரிட்ஜ் உள்சுவரில் ஒட்டியிருக்கிற மாடல் நம்பரை, சாய்கோட்டுக்குப் பிறகு வருகிற எழுத்துகளையும் சேர்த்து, அப்படியே போட்டோ எடுங்கள். பழைய யூனிட்டின் உடம்பில் ஒரு பார்ட் நம்பர் இருக்கும், அதுதான் முக்கியம். படத்தைப் பார்த்து ஒரே மாதிரி இருக்கிறது என்று வாங்கினால் கனெக்டரில் பின் எண்ணிக்கை மாறிவரும்.

பாதி விலை என்று வருகிறதில் சிலது அமெரிக்கச் சரக்கு. அங்கே 115 வோல்ட். சூடாக்கி ஐஸை விடுவிக்கிற உலோக அச்சு வகை யூனிட்டாக இருந்தால் அதன் ஹீட்டர் நம்ம 230-இல் நான்கு மடங்கு சூடாகி எரிந்தே போகும். முறுக்குத் தட்டில் மோட்டார் பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி., அதில் இந்தப் பயம் குறைவு, இருந்தாலும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாற்றுகிற நாளில் முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தண்ணீர் வால்வை மூடுங்கள். ஐஸ் பெட்டியை எடுத்ததும் யூனிட்டின் மேலோ பக்கத்திலோ ஸ்க்ரூ தெரியும், சிலதில் ஸ்க்ரூவே இல்லாமல் ஒரு கொக்கியை அழுத்தினால் முன்னால் நழுவி வரும். கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஒரு கையால் யூனிட்டைத் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒயரில் தொங்கும். கனெக்டரில் சின்ன நாக்கு ஒன்று இருக்கிறது, அதை நகத்தால் அழுத்திக்கொண்டே இழுக்கவேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் கழன்று வந்துவிடும், குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், எனவே கதவைத் திறந்துபோட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றுவது நல்லது.

புதியதை மாட்டும்போது தண்ணீர் விழுகிற குழாய் தட்டின் வாய்க்கு நேராக இருக்கிறதா பாருங்கள். அந்தக் குழாய்க்குள் ஐஸ் அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து விடுங்கள், கரைந்துவிடும்.

குடந்தை கூலிங்

தங்கச்சி சொன்னதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனிட் ஐஸில் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பாதீர்கள், கத்தி வேண்டவே வேண்டாம். ஐஸ் அறையின் சுவருக்குப் பின்னால் சில மாடலில் கேஸ் பைப் ஓடுகிறது. இப்போது வருகிற ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ கேஸ், அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற சரக்கு. பைப் ஓட்டையானால் ஒன்பதாயிரத்தோடு நிற்காது. மெழுகுவத்தி, கேஸ் லைட்டர் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணி போதும், பொறுமைதான் வேண்டும்.

மன்னைக்காரன்

வேலை முடிந்தது, எல்லோருக்கும் நன்றி. மாயவரத்துத் தங்கச்சி சொன்ன நாக்கு அமுக்குகிற வேலைதான் இருப்பதிலேயே நேரம் பிடித்தது, கை விறைத்துவிட்டது. ஐஸ் அறையிலிருந்து யூனிட் சுலபமாகவே வந்தது. கழற்றிய மோட்டார் பெட்டியைத் திறந்து பார்த்தேன், வெள்ளைச் சக்கரத்தில் வரிசையாக மூன்று பல் மழுங்கிக் கிடக்கிறது. பம்பும் போட்டாயிற்று, ஆர்.ஓ. கடைப் பையனே வந்து மாட்டிக் கொடுத்தான். டம்ளர் இப்போது பத்து நொடிக்குள் நிறைகிறது.

மாட்டி ஆன் செய்து சாயங்காலம் வரை ஒன்றும் விழவில்லை, கொஞ்சம் பயந்துபோனேன். மறுநாள் விடியற்காலையில் கடகடவென்று சத்தம் கேட்டது. ஐஸ் கட்டி முழுசாக இருக்கிறது, ஆனால் ஒரு மாதிரி பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது. கொட்டிவிடவா? அப்புறம் பழைய யூனிட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா?

குடந்தை கூலிங்

புது யூனிட்டில் முதல் ஐஸ் வர ஒரு நாள்கூட ஆகும், பயப்படவேண்டாம். முதல் இரண்டு மூன்று தடவை விழுகிற ஐஸைக் கொட்டிவிடுங்கள், வாடை போய்விடும். பிள்ளைகள் வருவதற்குள் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், ஆறு மாதம் என்று போட்டிருந்தால் நம்ம போர் தண்ணீருக்கு அதுவே அதிகம். பழையதைப் போடாதீர்கள், மோட்டார்தான் போயிருக்கிறது. தட்டையும் அடியில் இருக்கிற தெர்மிஸ்டரையும் ஒயரோடு கழற்றிப் பாலிதீன் பையில் போட்டு ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிடுங்கள். தட்டு விரிசல் விட்டால் அதை மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.