மீள்குற்ற இடர்நேர்வு: மூன்று சொற்கள்

> பாலியல் குற்றவாளி மீண்டும் குற்றமிழைப்பாரா என மனநல வைத்தியர் கணிப்பதை 'மீள்குற்ற எதிர்வுகூறல்' எனலாமா? வயது, பழைய தண்டனை ஆகியவற்றை 'மாறாக் காரணி' என்றும், முன்பின் தெரியாத பாதிக்கப்பட்டவரை 'அந்நியர்' என்றும்?

அன்பின் சேர்,

எதிர்வுகூறல் வேண்டாம். பாலியல் குற்றவாளிகளுக்குப் புள்ளியிட்டு இடரை மதிப்பிடும் ஸ்டெட்டிக்-99ஆர் (Static-99R) கருவியில் 10 உருப்படிகள். மொத்தப் புள்ளி -3 முதல் 12 வரை. அதே புள்ளி பெற்றவர்களில் என்ன பங்கினர் மீண்டும் அகப்பட்டார்கள் என்பதையே அது காட்டும். முன்னால் இருப்பவர் நாளை என்ன செய்வார் என்பதை அதனால் சொல்ல முடியாது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ நீதவான் கையில் போகும் தமிழ் அறிக்கையில் அந்தச் சொல் தீர்ப்பாகவே ஒலிக்கும். 'இடர்நேர்வு மதிப்பீடு' போதும். வங்கி அறிக்கைகளில் பழகிய சொல்தான்.

'மாறாக் காரணி'யும் பொருந்தாது, வயது மாறுகிறதே. விடுதலையாகும்போது 35க்குக் கீழ் என்றால் +1. 40 முதல் 59 வரை -1. 60 ஆனால் -3. வழக்குக் கோவையைப் பார்த்தே நிரப்புவதால் 'பதிவுக் காரணி' என்கிறேன். அதன் பலவீனத்தையும் அந்தப் பெயரே காட்டும்: முந்தைய பாலியல் குற்றங்கள் குற்றச்சாட்டு, தண்டனைப் பதிவுகளால் எண்ணப்படுகின்றன. குடும்பத்துக்குள் பேசி முடித்து பொலிசுக்கே போகாத முறைப்பாடு எண்ணிக்கையில் வராது. பலமுறை குற்றமிழைத்தவருக்கும் இதனால் குறைந்த புள்ளி விழும். இன்னொன்று, துணையுடன் இரண்டு வருடம் சேர்ந்து வாழாதவருக்கு ஒரு புள்ளி கூடும். கல்யாணத்துக்கு முன் சேர்ந்து வாழாத எமது ஊரில் 25 வயதுப் பெடியன் பலருக்கும் அது விழும். வேறு நாட்டுப் பதிவுகளில் எழுந்த விகிதங்களை இங்கு அப்படியே ஒட்டக்கூடாது.

'அந்நியர்' இங்கே ஆபத்தான சொல். அம்பாறையில் வேற்றூரார், வேற்றினத்தவர் என்றே வாசிப்பார்கள். கருவி கேட்பது குற்றத்துக்கு முன் 24 மணித்தியாலமாவது அறிமுகம் இருந்ததா என்பதை. 'அறிமுகமற்றவர்' எழுதுங்கள்.

---

தங்கச்சி,

மூன்றும் சரி. சிகிச்சையாலும் கண்காணிப்பாலும் மாறுபவற்றை இரண்டாகப் பிரிப்போம். உந்துதலைக் கட்டுப்படுத்தாமை, பெண்கள்மீதான பகைமை போன்றவை மாதக்கணக்கில் அசைபவை: 'நீடித்த காரணி'. பிள்ளைகளை நெருங்கும் வாய்ப்பு, குடி, ஆதரவாய் இருந்தோர் விலகல் ஆகியன நாளுக்கு நாள் மாறும்: 'உடனடிக் காரணி'. நன்னடத்தை உத்தியோகத்தர் ஒவ்வொரு சந்திப்பிலும் பார்க்க வேண்டியது பின்னதை.

'மறுப்பு' பட்டியலில் வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவரை உயர் இடர்நேர்வு என்று எழுதிவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் ஹான்சன், பூசியேர் 1998இல் 61 ஆய்வுகளைத் தொகுத்தபோது மறுப்புக்கும் பாலியல் மீள்குற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. திரிந்த பாலியல் ஈர்ப்புத்தான் முன்னே நின்றது.