ஸ்டிரிங்கர்: வரிச்சா, ஈர்க்கா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பழைய அலைச்சறுக்குப் பலகைகளுக்கான சொற்பட்டியலில் 'ஸ்டிரிங்கர்' இன்னும் முடிவாகவில்லை. பலகையின் உள்ளுடலான நுரைக்கட்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் மெல்லிய மரச்சட்டத்தை நிறுத்தி, பசையிட்டு இறுக்கிச் சேர்ப்பார்களே, அந்த மரம். முதுகெலும்பு, நடுத்தண்டு, வரிச்சு என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. என் பரிந்துரை 'நடுவரிச்சு'. ஓட்டுவீட்டுக் கூரையில் எல்லோரும் பார்த்த பொருள் அது. பலகை பழசாக ஆக இந்த மரம் மேல்தளத்தில் வரப்பு போல எழும்பி நிற்கும். அதற்கு 'வரிச்சுமேடு' என்று ஒரே சொல் போதும்.

மடல் 2

ஐயா, வணக்கம்.

> நடுவரிச்சு

'நடு' வேண்டாம். 1960களின் கலிபோர்னியப் பலகைகளில் மூன்று மரம் வைத்தவையும் உண்டு. ஓரத்து இரண்டும் நடுவில் இல்லை. வரிச்சு கைமரத்தின் மேல் குறுக்கே கிடப்பது. இதுவோ நுரைக்குள் புதைந்து, அடித்தளம் முதல் மேல்தளம் வரை செங்குத்தாக நிற்கிறது: தடிமன் பெரும்பாலும் 3 முதல் 12 மி.மீ., உயரம் பலகையின் நடுப்பகுதியில் 75 மி.மீ. அளவு. முதுகெலும்பும் சரியில்லை. வலுவில் பெரும்பங்கு வெளியே போர்த்திய கண்ணாடியிழைத் தோலுடையது. மரம் அந்த இரண்டு தோல்களையும் விலக்கி நிறுத்துகிறது, பலகையின் வளைவைக் காக்கிறது.

'ஈர்க்கு' என்போம். தென்னையோலை பச்சையாக இருக்கும்போது ஈர்க்கு இலையோடு இணைந்து கிடக்கும். ஓலை காய்ந்து சுருங்கியதும் ஈர்க்கு மட்டும் விறைத்துத் துருத்தும். பழைய பலகையின் மேல்தளத்தில் விரலைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், அதே உணர்வு.

> ஒரே சொல் போதும்

இதை ஏற்க முடியாது. அந்த மேட்டுக்குக் காரணம் இரண்டு. வைத்தியமும் வேறு வேறு.

முதலாவது, நுரை தாழ்வது. 1958இல் பலகை செய்பவர்களான ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் கலிபோர்னியாவில் பாலியூரித்தேன் நுரைக்கு மாறினார்கள். அச்சில் வார்த்த நுரைக்கு வெளிப்புறம் கெட்டி, உள்ளே போகப்போக மென்மை. இழைத்து வடிவம் கொடுக்கும்போது அந்தக் கெட்டிப் பகுதிதான் முதலில் போகிறது. பிறகு முழங்காலிட்டுக் கையால் துழாவும் இடத்திலும் கால் ஊன்றும் இடத்திலும் நுரையின் நுண்ணறைகள் நசுங்குகின்றன. நசுங்கியவை திரும்ப எழுவதில்லை. மரம் தாழாமல் நிற்பதால் அதன் இருபுறமும் இரண்டு கிண்ணம் விழுகிறது.

இரண்டாவது, மரம் ஊறுவது. மரம் நீளவாக்கில் அநேகமாக விரியாது, குறுக்குவாக்கில் விரியும். ஈர்க்குக்குப் பயன்படும் ரெட்வுட் மரம் முழுக்க நனைந்த நிலையிலிருந்து முழுக்கக் காய்ந்த நிலைக்கு வர, இழையின் திசையைப் பொறுத்து 2.6 முதல் 4.4 சதவீதம் சுருங்கும். 75 மி.மீ. உயரத்துக்குக் கணக்குப் போட்டால் 2 முதல் 3.3 மி.மீ. ஈரம் 10இலிருந்து 20 சதவீதத்துக்கு ஏறினாலே ஒரு மி.மீ. அளவு உயரும். கூடவே இருக்கும் நுரை அப்படி விரிவதில்லை. மரமும் நுரையும் சேரும் பசைக்கோடு விடுகிறது, மேலே தோல் மரத்தை விட்டுக் கழல்கிறது.

பிரித்தறிய ஒரு எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்தால் போதும். கால்படும் இடத்தில் மட்டும் கோலுக்கடியில் பள்ளம் தெரிந்தால் நுரை தாழ்ந்திருக்கிறது. யாரும் மிதிக்காத மூக்குப் பக்கத்திலும் கோல் மரத்தின் மேல் ஆடினால், மரமும் கறுத்திருந்தால், நீர் இறங்கியிருக்கிறது. நீர் நுழைவது பெரும்பாலும் மூக்கு, வால், பலகைக்கு அடியில் பொருத்திய துடுப்பின் (fin) அடி ஆகிய மூன்று இடங்களில். மூக்கிலும் வாலிலும் மரத்தின் வெட்டுமுனை இருப்பதால் ஈரம் இழையோடு வெகுதூரம் ஓடிவிடும்.

'மேடு' என்று பெயர் வைத்தால் படிப்பவர் உப்புத்தாளை எடுத்து அதைத் தேய்ப்பார். மரத்தின் மேல் இருக்கும் தோல் அறுந்து, நல்ல பலகைக்கும் நீர் இறங்க வழியாகிவிடும். அதனால் 'நுரைத்தாழ்வு', 'ஈர்க்கூறல்' என்று தனித்தனியாக இருக்கட்டும்.

மடல் 3

ஈர்க்கு என்றால் துடைப்பக் குச்சிதான் நினைவுக்கு வரும், அவ்வளவு மெல்லியதா என்று கேட்பார்கள். ஆனாலும் வளைந்து மீள்வது இரண்டுக்கும் பொது. மூன்று மரம் வைத்ததை 'மூவீர்க்குப் பலகை' என்று சொல்ல வருகிறது. வரிச்சில் இந்த வசதி இல்லை. ஏற்கிறேன்.

ஈர்க்கூறலுக்கு வைத்தியம் என்ன, நுரை மஞ்சளாவதற்குச் சொல் என்ன என்பதையும் எழுதுங்கள்.

மடல் 4

ஊறிய ஈர்க்குக்கு: கறுப்பு முடியும் இடம் வரை தோலைத் திறக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். திறந்த முனை கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து வைத்து, வாரம் ஒருமுறை எடை போட வேண்டும். மூன்று முறை தொடர்ந்து எடை மாறாவிட்டால்தான் காய்ந்தது என்று பொருள். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் உள்ளே காற்று விரிந்து, நன்றாக ஒட்டியிருந்த தோலும் உப்பிவிடும். மெத்தென்று உளி இறங்கும் மரத்தை எடுத்துவிட்டு, அதே இன மரத்தை இழை நீளவாக்கில் ஓடும்படி எப்பாக்சிப் பசையில் ஒட்டலாம். பக்கத்துக் குழியைப் பாலியெஸ்டர் பிசினால் ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. மொத்தமாக ஊற்றிய பிசின் சூடேறி நுரையைக் கருக்கும். நுண்குமிழ்த் தூள் (எடை குறைந்த நிரப்புத்தூள்) கலந்து, ஒவ்வொரு படலமும் ஆறியபின் அடுத்ததை இட வேண்டும்.

நுரைத்தாழ்வு ஆழமில்லாமல், தோலில் விரிசலும் இல்லாமல் இருந்தால் தொடாமல் விடுவதே நல்லது.

மஞ்சளுக்கு 'பழுப்பேறல்' போதும், காகிதத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம். புறஊதாக் கதிரால் பாலியூரித்தேனின் வேதியமைப்பு மாறுவதுதான் காரணம். மேலிருக்கும் பிசினும் கூடவே மஞ்சளிக்கும். நுரையில் அது மேற்படலத்தோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஆழமாகத் தேய்த்தால் அடியில் வெள்ளை நுரை வெளிப்பட்டு, பழுப்புப் பரப்பில் வெண்தழும்பு போலத் தெரியும். அதைச் சாயம் பூசி ஒப்பேற்றுவது மிகக் கடினம். ஆகவே பதிவில் 'பழுப்பேறலைத் தேய்த்து நீக்கக் கூடாது' என்றே சேர்த்துவிடலாம்.

பட்டியலுக்கு: ஈர்க்கு, மூவீர்க்குப் பலகை, நுரைத்தாழ்வு, ஈர்க்கூறல், பழுப்பேறல். 'பசைக்கோடு' பற்றி ஓர் ஐயம் உண்டு. அழகுக்காக வண்ணம் கலந்து இட்ட பசையும் பழைய பலகைகளில் கோடாகத் தெரியும். ஈரக்கறையும் அதே இடத்தில்தான் கோடாக ஓடும். இரண்டுக்கும் ஒரு சொல்லைப் புழங்கினால் பழுதை அலங்காரம் என்று எண்ணிவிடுவார்கள். கறைக்கு 'ஈரக்கோடு' என்று வைக்கலாமா?