தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாரைத் தாண்டினால் மரங்கொத்திக்குப் பெயர் மாறுமா?

சித்தூர்ப் பனை: நேத்து காலையில கொழிஞ்சாம்பாறை பக்கம் பட்டுப்போன தென்னையில எடுத்த படம் இது. பெண் பொன்முதுகு மரங்கொத்தி. முன்னந்தலை கறுப்புல வெள்ளைப் பொட்டு, கொண்டை மட்டும் சிவப்பு. முதுகு பளீர்னு இல்ல, பச்சை கலந்த மங்கல் பொன். இறக்கைப் பொட்டும் தெளிவா இல்ல. அதனால இந்த இனத்தோட கேரளப் பக்கத்துத் துணையினமான 'தினோபியம் பெங்காலென்சே தெஹ்மினே'ன்னு பதிஞ்சேன்.

எட்டிமடை: ஒத்துக்க மாட்டேங்க. பாலக்காட்டுக் கணவாய் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலம், நடுவுல தோப்பும் பனையும்தான். பறவை என்ன செக்போஸ்ட்டப் பாத்துத் திரும்புதா? தமிழ்நாட்டுப் பக்கம் என் தோட்டத்துப் பறவைக்கு ஒரு பேரு, உங்க தென்னைப் பறவைக்கு வேற பேரா? இனப்பேரோட நிறுத்துங்க.

சித்தூர்ப் பனை: கோடு மங்கலா இருக்கறதாலதானே அண்ணா அது துணையினம்! இலங்கையப் பாருங்க. யாழ்ப்பாணத்துல பொன்முதுகு, தெற்கே செம்முதுகு, இடையில ஆரஞ்சு முதுகுக் கலப்பு. ரெண்டையும் ரொம்ப காலம் ஒரே இனத்தோட துணையினங்களாத்தான் வச்சிருந்தாங்க. இப்ப செம்முதுகு தனி இனம், தினோபியம் சாரோடெஸ். கலப்பு இருக்குன்னு அன்னைக்கே பேரை அழிச்சிருந்தா, அந்த வித்தியாசத்தை யார் தேடிப் போயிருப்பாங்க?

புளியரை: ஒரு திருத்தம். தெஹ்மினே, 1934-ல பறவையியலாளர்கள் விஸ்லரும் கின்னியரும் வச்ச பேரு. பறவையியலாளர் சாலிம் அலியோட மனைவி தெஹ்மினாவைச் சிறப்பிச்சு. அப்ப பேரினம், அதாவது பேரோட முதல் சொல், பிராக்கிப்டெர்னஸ், லத்தீன் கணக்குல ஆண்பால், அதனால இனப்பேரு 'பெங்காலென்சிஸ்'. தினோபியம் ஆண்பாலும் இல்ல, பெண்பாலும் இல்ல. அங்க வந்ததும் 'பெங்காலென்சே' ஆயிடுச்சு. தெஹ்மினேன்னா 'தெஹ்மினாவின்'னு அர்த்தம், அது எந்தப் பேரினத்துக்குப் போனாலும் மாறாது. பேரினம் மாறினதால பேர் வச்சவங்களை அடைப்புக்குறிக்குள்ள போடணும். உங்க பதிவுல அது விட்டுப்போச்சு.

எட்டிமடை: அருமையான தகவலுங்க. ஆனா ஒரு கூட்டத்துல நூத்துக்கு 75 பறவையையாவது அடையாளம் பிரிக்க முடிஞ்சாத்தான் துணையினம்னு பழைய வழக்கு ஒண்ணு இருக்கு. அருங்காட்சியகத்துல தோல்களை வரிசையா அடுக்கிப் பாக்கறது வேற, காலை வெயில்ல ஒத்தப் படம் வேற. தெஹ்மினேயே இல்லைன்னு நான் சொல்லல. கணவாய்க்குள்ள, இந்த ஒரு பறவைக்கு அதை எழுதாதீங்க.

சித்தூர்ப் பனை: படத்தைப் பொறுத்தவரை நியாயம். மூணாவது பேரை எடுத்துட்டேன். முதுகு, இறக்கைக் குறிப்பு அப்படியே இருக்கும், அதை எடுக்க மாட்டேன். உங்க தோட்டத்துப் பறவையை நிழல்ல, முதுகு தெரிய ஒரு படம் எடுத்துப் போடுங்கண்ணா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு மறுபடி சண்டை போடலாம்.